கமிட் சொல்லாமல் விருந்துக்குப் போனவன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. நிரல் எழுதுபவர்களுக்கும் தரவுத்தளம் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயன்படும் உத்திகள் என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். இந்த நிஷ் நகரத்தில் பல வருடமாக அந்த வேலையில்தான் பிழைக்கிறேன். ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: "அழிக்கும் கட்டளையில் நிபந்தனையை முதலில் எழுதுங்கள், இல்லாவிட்டால்..."

(இல்லாவிட்டால் எல்லாம் போகும். அது தெரிந்தவருக்குக் கொட்டாவி வரும், தெரியாதவருக்குத் தூக்கமே வரும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி: "குளிர்கால மதியமொன்றில், பேருந்து நிலையத்தின் மேல்மாடியில் பனியைப் பார்த்தபடி..."

(வேண்டாம். அடுத்த வரியில் யாராவது பெருமூச்சு விடுவார்கள்.)

ஓக்னியெனிலிருந்தே தொடங்குகிறேன்.

2

ஓக்னியென், பேருந்து நிலையத்தின் மேல்மாடியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்குப் புதியவன். பேருந்துப் பயணிகளின் மாதப் பாஸ் விவரமெல்லாம் எங்கள் தரவுத்தளத்தில் இருக்கிறது. இங்கே ஒரே மொழிக்கு இரண்டு எழுத்து. ஒரு கவுன்டரில் பெயரைச் சிரிலிக் எழுத்தில் பதிவு செய்வார்கள், இன்னொன்றில் லத்தீனில். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அந்த இரட்டைகளை ஒன்றாக்கும் வேலை அவனுக்கு. ஒழுங்காக முடித்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று மாலைதான் கெடு.

அவனைக் குறை சொல்லவே முடியாது. நிபந்தனையை முதலில் எழுதினான். எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கைவைத்தான். பெயர்களை முகவரியோடு ஒப்பிட்டான். எல்லா மாற்றத்தையும் ஒரே கட்டாகத் திறந்துவைத்துச் செய்தான். 'கமிட்' என்றால் அத்தனையும் நிலைக்கும், 'ரோல்பேக்' என்றால் அத்தனையும் பழையபடி ஆகும். எழும்போது மறக்காமல் கணினியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினான். பிறகு, கமிட் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டான்.*

* அவன் கைவைத்த பதிவுகளை, கமிட்டோ ரோல்பேக்கோ ஆகும்வரை வேறு யாரும் மாற்ற முடியாது. அதனால் சின்னச் சின்னக் கட்டாகச் செய்யுங்கள், உடனுக்குடன் கமிட் செய்யுங்கள். கட்டுரை கேட்டவர்களுக்கு இது போதும். அவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3

அன்று புனித நிக்கோலா நாள். ஊரில் வீட்டுக்கு வீடு விருந்து. யாரும் அழைக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் தாமாகப் போக வேண்டும், போகாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். ஓக்னியென் இரண்டு தெரு தள்ளி நண்பன் வீட்டுக்குப் போயிருந்தான். அவன் போன் மேசையில் கிடந்தது. நான் கூப்பிட்டபோது என் பக்கத்திலேயே அடித்தது.

கீழே டிக்கெட் கவுன்டரிலிருந்து ஸ்லவிட்சா கத்தினாள்.

"மேல என்னய்யா பண்றீங்க? பாஸ் புதுப்பிக்கலாம்னா திரையில சக்கரம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. நர்ஸ் மிலுங்கா இந்த பஸ்ல லெஸ்கோவாட்ஸ் ஊர் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போகணும். அவங்க போனாத்தான் அங்க டூட்டியில இருக்கிற நர்ஸ் பொண்ணு வீட்டுக்குக் கெளம்ப முடியும்."

"தனி டிக்கெட் போட்டுக் குடு."

"அதையும் அவங்க பேர்லதான போடணும்? அதுவும் சுத்துது!"

மிலுங்காவின் பதிவும் ஓக்னியென் கைவைத்தவற்றில் ஒன்று. எங்கள் தரவுத்தளத்துக்குப் பொறுப்பு ராடோய்கா அக்கா. முதல் வரைவில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன், ஒட்டவில்லை. சிடுமூஞ்சியாக இருந்தால் ஒரே கட்டளையில் ஓக்னியெனின் இணைப்பைத் துண்டித்திருப்பார். கவுன்டர் பிழைத்துக்கொள்ளும், அவன் உழைப்பு மொத்தமும் ரோல்பேக் ஆகும். அவரோ கோட்டை மாட்டிக்கொண்டார்.

"கண்ணு வீங்க உக்காந்து செஞ்சிருக்கான் அந்தப் பையன். அதை ஒரு வரியில கொல்ல மனசு வரல தம்பி. நானே போய் இழுத்துட்டு வரேன். நீ என் சீட்ல உக்காரு. இணைப்ப வெட்டுற கட்டளைய அடிச்சு வெச்சிருக்கேன். முடியவே முடியாதுன்னா என்டர் தட்டு."

"நானா?"

"பின்ன, முதலாளி வந்து தட்டுவாரா?"

சற்று நேரத்தில் அவரிடமிருந்து போன்.

"மாட்டிக்கிட்டேன் தம்பி. உள்ள வந்தவங்க சாப்பிடாமப் போகக் கூடாதாம். தட்டுல மீன் வந்தாச்சு."

"ஓக்னியென் எங்க, அக்கா?"

"பாதிரியார் பக்கத்துல. பண்டிகை ரொட்டிய எல்லாரும் சேந்து பிடிச்சுச் சுத்துறாங்க, அவன் கையும் அதுலதான் இருக்கு. ஜெபத்துக்கு நடுவுல போய் 'கமிட் பண்ணுடா'ன்னு கத்தவா?"

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"பாதிரியாருக்கு நல்ல குரல். அது அவருக்கும் தெரியும்."

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வாயில் ரொட்டியோடு ஓக்னியென் ஓடிவருகிறான், கமிட் செய்கிறான், முதலாளி அவன் தோளைத் தட்டி...

(சினிமா.)

நான் என்டர் தட்டுகிறேன். மிலுங்கா போய்ச் சேர்கிறார். ஓக்னியென் வந்து திரையைப் பார்க்கிறான்...

(அந்த முகத்தை எழுத முடியவில்லை. எனக்கு அவனைப் பிடிக்கும்.)

மறுபடி ஸ்லவிட்சா. (நடந்து முடிந்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நடந்துகொண்டிருக்கிறது.)

"டிரைவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. என்ன முடிவு?"

"ஒரு நிமிஷம்."

"எதுக்கு ஒரு நிமிஷம்னு மிலுங்கா கேக்குறாங்க."

நியாயமான கேள்வி. உங்களோடு பேசத்தான், வாசகரே. இரண்டு முடிவையும் திறந்துவைத்துக்கொண்டு, ஒன்றையும் நிலைக்கவிடாமல், ஒன்றையும் கைவிடாமல் இருக்கிறேன். ஓக்னியென் செய்ததும் இதுதான். அவனாவது பசிக்குப் போனான். நான் அழகு பார்த்துக்கொண்டிருக்கும்வரை மிலுங்கா அந்தக் கவுன்டரைவிட்டு நகர முடியாது. வெட்கமாக இருக்கிறது.

எழுந்துவிட்டேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கட்டளை திரையில் இருக்கிறது. தெருமுனையில் யாரோ கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடிவருகிறார்கள். ஓக்னியென்தானா என்று இங்கிருந்து தெரியவில்லை. பஸ் பின்பக்கமாக நகரத் தொடங்கிவிட்டது.

தட்டுகிறீர்களா?