மாப்பிள்ளையின் வயது

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டிக்காரன் மீன்தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டதும் மாப்பிள்ளை வந்து அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. வந்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். முதுகிலிருக்கும் சின்னத் துடுப்பு கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் துடிக்க, உடம்பு நின்ற நிலையிலேயே தள்ளிவரும். வால் நுனி விரலைத் தொட்டு, கொஞ்சம் யோசித்து, ஒரு சுற்றுச் சுற்றி இறுகும். நனைந்த நூலால் யாரோ முடிச்சுப் போடுவது போல இருக்கும். விரலைவிடச் சற்றே நீளமாக, பழுத்த எலுமிச்சையின் மஞ்சளில் ஒரு கடல்குதிரை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, இன்னொரு கையில் கண்ணாடி தேய்க்கும் பஞ்சோடு, அது விடும்வரை அவன் நிற்பான். அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமையின் முதல் வேலை அதுதான்.

"பாத்தீங்களா, ஆளைத் தெரியுது அவனுக்கு," என்றார் டாக்டரம்மா. தொட்டிக்கு எதிரே போட்ட பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எனக்குத்தான் இத்தனை வருஷத்துல ஒரு விரல் குடுக்க விடமாட்டேங்கிறீங்க."

"கையில சோப்பு, க்ரீம்னு ஏதாவது ஒட்டியிருந்தா அதுக்கு ஆகாதுங்க டாக்டரம்மா."

"நாப்பது வருஷம் பல்லு டாக்டரா ஊரார் வாயில கைய விட்டவ நான். எனக்குக் கை கழுவத் தெரியாதாக்கும்."

சமையலறையிலிருந்து அவருடைய நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஊரார் வாய் வேற, மாப்பிள்ளை வாய் வேற அண்ணி. மாப்பிள்ளைன்னா பாத்துப் பதனமாத்தான் நடந்துக்கணும்."

மாப்பிள்ளை என்ற பெயரை வைத்தது டாக்டரம்மாவின் கணவர். கடல்குதிரை வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவர் வெளிநாட்டிலிருந்த மகளுக்கு போன் போட்டு, "ஒரே இடத்துல சுருட்டிக்கிட்டு நிக்கிறான். மூணு வேளையும் வாய்க்கு நேரா கொண்டுபோய் நீட்டணும். வேலைன்னு ஒண்ணும் கிடையாது, ஆனா மூஞ்சிய மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான். வேற என்ன பேருதான் வைக்கிறது சொல்லு," என்று கேட்டாராம். அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நிஜ மாப்பிள்ளைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாராம். பெயர் வைத்த பெரியவர் இறந்து மூன்றரை வருஷம் ஆகிறது. பெயர் நின்றுவிட்டது.

அந்த வீட்டுக் கணக்கில் மாப்பிள்ளைக்கு ஐந்து வயது. தொட்டிக்காரனின் கணக்கில் பதினான்கு மாதம். அது மூன்றாவது மாப்பிள்ளை.

வீட்டுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை ஆள் மாற்றுவது என்பார்கள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் செத்த மீனை எடுத்துவிட்டு, அதே அளவில் அதே நிறத்தில் இன்னொன்றை விட்டுவிடுவது. பெற்றவர்களே கேட்டுக்கொள்வார்கள். வருகிற அழுகையை ஒத்திப்போடும் சின்ன உபகாரம், அவ்வளவுதான் என்று அவனும் நினைத்திருந்தான். இருபது வருஷத் தொழிலில் எத்தனை ஆள் மாற்றியிருப்பான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. இந்த வீட்டில் மாற்றிய இரண்டு மட்டும் நாள், நேரத்தோடு நினைவிருந்தது.

பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் டாக்டரம்மா வீட்டுக்கு வரவில்லை. சாவி கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் அவன் வந்தபோது மாப்பிள்ளை மணலில் பக்கவாட்டில் கிடந்தது. நேரே மொத்த வியாபாரியிடம் போனான். அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நாற்பதுக்கு மேல் கடல்குதிரைகள். கடலில் புல்லையோ பாசியையோ பிடித்துக்கொண்டு நிற்கிற பிராணி. அங்கே பிடிக்க ஒன்றுமில்லாததால் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, எல்லாமாகச் சேர்ந்து ஒரு சிக்கு விழுந்த கயிற்றுப் பந்து போல மிதந்தன. அவன் அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தான். பிரிக்க நேரமாயிற்று. ஒரு வாலை விடுவித்தால் அது அடுத்ததைப் பிடித்தது.

பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா தனியாக வந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் போனபோது பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடத்தான் போயிருந்தான். வாக்கியத்தைக்கூட வழியில் தயார் செய்திருந்தான். அதற்குள் அவர் தொட்டிக் கண்ணாடியைப் பார்த்து, அவனிடம் அல்ல, "நீயாவது இருந்தியேடா," என்றார். அன்றைக்கு இரக்கத்தில்தான் வாயை மூடிக்கொண்டான். அதில் சந்தேகமில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டாவதும் செத்தபோது அதைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு, "கொஞ்சம் சுணக்கமா இருக்கு, மருந்துத் தண்ணியில ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனானே, அது இரக்கம்தானா என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்து மூன்றாவதைக் கொண்டுவந்து விட்டபோது, "உயிரைக் குடுத்துட்டீங்க தம்பி," என்று அவர் கை கூப்பினார். அந்தக் கும்பிடு இன்னும் அவன்மேல் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, கைய எடுத்துட்டு இங்க வாங்க. ஒரு சங்கதி," என்றார் டாக்டரம்மா. மேஜைமேல் ஒரு தாள் இருந்தது. பக்கத்தில் போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு படத்தைக் காட்டினார். சிவப்புக் கிளைகள் பரப்பிய ஒரு கடல்விசிறி. விசிறி மாதிரியே தட்டையாக விரியும் பவள இனம். அதில் ஒரு மொட்டுக்குக் கண் இருந்தது. உற்றுப் பார்த்தபிறகுதான் அது மொட்டு அல்ல, நகக்கண் அளவில் ஒரு கடல்குதிரை என்று தெரிந்தது. உடம்பெல்லாம் விசிறியின் மொட்டுகளைப் போலவே சிவப்புக் குமிழ்கள்.

"ஒரு ஜோடி. கடல் ஜீவன் விக்கிற ஒரு வியாபாரி கிளையோட சேத்து வெட்டிக் கொண்டாந்து தர்றானாம். எல்லாருக்கும் குடுக்க மாட்டானாம், பொறுப்பான ஆளுக்குத்தானாம். கடல்குதிரையை அஞ்சு வருஷம் காப்பாத்தியிருக்கேன்னு சொன்னதும் அவனே அசந்துட்டான். தொட்டியப் பாத்துக்கிறவர் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்ங்கிறான். அடுத்த செவ்வாய்க்கிழமை கூப்பிடுவான்."

தாளில் நாலே வரி. இன்ன வீட்டில் ஒரே கடல்குதிரை ஐந்து வருஷமாக நல்ல நிலையில் வளர்ந்துவருகிறது என்பதை நான் அறிவேன்.

"வேணாம் டாக்டரம்மா. அது ஒரு விசிறியில வாலைச் சுத்திருச்சுன்னா ஆயுசுக்கும் அதை விட்டு நகராது. விசிறி நம்ம தொட்டியில பிழைக்காது. கஷ்டங்க."

"இதையேதான் மாப்பிள்ளை வந்தப்பவும் சொன்னீங்க. ஒரு வருஷம் தாண்டாதுன்னீங்க." அவர் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கே உங்க கைராசி தெரியல."

அவன் சொன்ன ஒரே உண்மையை அவன் பொய்யே எழுந்து வந்து அடித்துப் போட்டுவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "படிச்சுப் பாத்துட்டுப் போடறேங்க," என்றான். நாலு வரியில் படிக்க என்ன இருக்கிறது என்று நாத்தனார் கேட்டாள். அவன் பஞ்சை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினான்.

அவன் வீட்டுப் பின்கட்டில் மூன்று நீல டிரம்கள் இருந்தன. வாரம் முழுக்கத் தேவைப்படும் கடல்தண்ணீரை அங்கேதான் அவனும் மனைவியும் தயார் செய்தார்கள். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கொட்டி, மரத்துடுப்பால் கலக்கி, கலங்கல் தெளிய ஒரு நாள் விட வேண்டும். மனைவி கலக்கிக்கொண்டிருந்தாள். அவன் கருவிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடல்குதிரை செத்தால் அழுகிப்போவதைவிடக் காய்ந்துபோவது சுலபம். எலும்பு வளையங்கள் வெளியே இருப்பதால் உருவம் அப்படியே நிற்கும். கூட்டுக்குள் முதல் இரண்டு மாப்பிள்ளைகளும் அப்படியே நின்றன. ஏன் தூக்கிப் போடவில்லை என்று அவனை யாரும் கேட்டதில்லை.

"சொல்லிட்டா அந்த வீடு போயிடும்," என்றான்.

"போகட்டும்."

"அந்த வீடு மட்டுமில்ல. அவங்க சொல்லி வந்த வீடு ஏழு இருக்கு. அதுவும் போயிடும்."

துடுப்பு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "கையெழுத்துப் போட்டா?"

"அந்த ரெண்டும் வரும். செத்துடும்."

"அப்பவும் இதே மாதிரி கூட்டுல எடுத்து வச்சுக்குவீங்களா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு அந்த வாரம் முழுக்க அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் போன வீடுகளிலெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று வந்து அவன் கையைப் பார்த்தது. தீனிக்காகத்தான். ஆனாலும் பார்த்தது. நான் கலக்கிய உப்புத்தண்ணீரைக் கடல் என்று உள்ளே நிற்கிறவை நம்பவில்லை, நம்புகிறவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அவர்களை நம்பவைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் சட்டைக் கையைச் சுருட்டவில்லை. கையெழுத்தில்லாத தாளை மேஜைமேல் விரித்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துத் திறந்தான்.

"இது ரெண்டும் முன்ன இருந்ததுங்க, டாக்டரம்மா."

"எங்க முன்ன?" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா உள்ளே போய், தொழில் பார்த்த காலத்தில் கண்ணில் மாட்டிக்கொண்ட உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தலையருகே பார்த்தார். கடல்குதிரையின் உச்சியில் கிரீடம் போல ஒரு சின்ன எலும்பு முடிச்சு இருக்கும். ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. அடுத்ததை எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தொட்டியருகே குனிந்து, மாப்பிள்ளையின் உச்சியை வெகுநேரம் பார்த்தார். காற்றுக் குழாயின் குமிழ்ச் சத்தம் மட்டும் இருந்தது. அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். அது இத்தனை நீளமானது என்று தெரியாது.

"அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்பவா?"

"ஆமாங்க. ஒம்பதாவது நாள்."

"அப்ப நான் வீட்டுக்கு வந்தன்னைக்கு உள்ள நின்னவன்…"

"வந்து மூணு நாள்தாங்க ஆயிருந்துச்சு."

நாத்தனாருக்கு அப்போதுதான் புரிந்தது. "வீட்டுச் சாவியை நம்பிக் குடுத்தோமே! அண்ணி, இந்த ஆளை முதல்ல வெளிய போகச் சொல்லுங்க."

டாக்டரம்மா கையை மட்டும் உயர்த்தினார். குரல் உயரவில்லை. "நாப்பது வருஷம் பொய்ப்பல்லு கட்டினவ நான். ஒருத்தர்கிட்டகூட அது சொந்தப் பல்லுன்னு சொன்னதில்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லத் தோன்றிய சாக்குகள் எல்லாம் உண்மையாகவே இருந்ததால் இன்னும் அசிங்கமாகப் பட்டன.

"இவனுக்கு எவ்வளவு நாள்?"

"பதினாலு மாசமா இருக்கானுங்க. இன்னும் எவ்வளவுன்னு தெரியாது. நல்லாத்தான் சாப்பிடுறான்." அதை அவன் என்று தான் சொல்வது அதுதான் முதல் தடவை என்று அவனுக்குப் பட்டது.

"அந்த ஜோடி?"

"விசிறி இருக்கிறவரைக்குங்க."

"விசிறி?"

"ரெண்டு மாசம். தள்ளிப்போனா மூணு."

அவர் தலையாட்டினார். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்கும்போது ஆட்டுகிற மாதிரி. கைக்கடிகாரத்தைக் கழற்றித் தாளின்மேல் வைத்துவிட்டு, மூலையிலிருந்த குழாயடிக்குப் போனார். சோப்பைத் தொடவில்லை. விரல் இடுக்குகள், நகக்கண்கள், மணிக்கட்டு என்று வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவினார். ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பிவந்து, தொட்டிக்காரன் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, கையை முழங்கைவரை உள்ளே விட்டார். புடவைத் தலைப்பு நனைந்தது. அவன் தடுக்கவில்லை.

மாப்பிள்ளை அசையாமல் பார்த்தது. பிறகு முதுகுத் துடுப்பு துடித்தது. நின்ற நிலையிலேயே தள்ளி வந்து, வால் நுனி விரலைத் தொட்டு, யோசித்து, ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது.

"இவனுக்கு என்னைத் தெரியாது, இல்லையா?"

"யாரையும் தெரியாதுங்க. பிடிச்சுக்க ஏதாவது வேணும், அவ்வளவுதான்."

மேஜைமேல் போன் அடிக்கத் தொடங்கியது. அதிர்வில் கண்ணாடிக் கூடு தாளின்மேல் இம்மி இம்மியாக நகர்ந்தது. நாத்தனார் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"அண்ணி, அந்த வியாபாரிதான். எடுக்கட்டுமா?"

டாக்டரம்மா கையை வெளியே எடுக்கவில்லை. "அடிக்கட்டும்," என்றார்.

போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. திறந்திருந்த கூட்டுக்குள் இரண்டும் அதிர்ந்துகொண்டிருந்தன. காய்ந்தும் அவற்றின் வால்கள் நிமிரவில்லை. சுருண்டே இருந்தன, நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு.