பக்கத்துக் கட்டிலின் கறுத்த நாக்கு

நர்ஸ் யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்பதை வார்டின் சுவர்க் கடிகாரத்தை வைத்துத்தான் டிரைவர் அளந்தார். பக்கத்துக் கட்டில் தையல்காரருக்கு இருபது நிமிஷம். தனக்கு நாலு. அவரிடம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசிய நர்ஸ், தன்னிடம் நின்றுகொண்டே பேசினாள். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். எந்த வண்டி நிற்க வந்தது, எது கிளம்பத் துடிக்கிறது என்று அவருக்கா தெரியாது?

இரண்டு பேருக்கும் வயிற்றில் புண்தான். டாக்டரும் ஒருவர்தான். மாத்திரை மட்டும் வேறு. அதிலும் ஏதோ இருக்கிறது என்று டிரைவர் சந்தேகப்பட்டார்.

"தாத்தா, இது காலையில சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயித்துல. கடிக்காம முழுங்கணும். மூட்டு வலி மாத்திரை எதையும் இனிமே..."

தாத்தா! இரண்டு வயது மூத்த தையல்காரர் மட்டும் ஐயாவாம். டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் சொன்னது சுவருக்குத்தான் கேட்டது.

"கேட்டீங்களா? எங்க, திருப்பிச் சொல்லுங்க."

"நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? எல்லாம் தெரியும், போம்மா."

"சாயங்காலம் வந்து கேப்பேன்."

சாயங்காலம் அவள் வந்தபோது டிரைவர் குறட்டை விட்டார். பொய்க் குறட்டை. ஆனால் பக்கத்துக் கட்டிலுக்கு அவள் நகர்ந்ததும் காது இரண்டும் விரிந்துகொண்டன.

"ஐயா, இந்த மாத்திரையில நாக்கு கறுக்கும். வெளிக்குப் போறதும் கறுப்பா இருக்கும். மருந்தோட நிறந்தான், பயந்துடாதீங்க. எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

தையல்காரர் அளவெடுத்து வெட்டியதுபோல் ஒன்று விடாமல் சொன்னார்.

"அருமை ஐயா!" என்றாள் அவள்.

அந்த 'அருமை' டிரைவருக்குப் புண்ணிலேயே போய் விழுந்தது.

மறுநாள் காலையில் தையல்காரர் நாக்கை நீட்டிக் காட்டினார். "பாருய்யா, அடுப்புத் துடைச்ச துணி மாதிரி இருக்கு!"

டிரைவர் சிரிக்கவில்லை. முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்துத் தன் நாக்கைப் பார்த்தார். கன்றுக்குட்டி நாக்குபோல ரோஜா நிறத்தில் இருந்தது. நல்ல மருந்தெல்லாம் அந்தப் பக்கம் போகிறது என்று முடிவே கட்டிவிட்டார். முழங்கால் வேறு குத்தியது. சட்டைப் பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டு வலி மாத்திரை அட்டை இருந்தது. இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த நாளும் இரண்டு.

மூன்றாம் நாள் காலை கழிவறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். தலை சுற்றியது, நெற்றியெல்லாம் வேர்வை. முகத்தில் மட்டும் பந்தயத்தில் முந்தியவன் களை.

"எனக்கும் கறுப்பாப் போச்சுய்யா!"

தையல்காரர் எழுந்து உட்கார்ந்தார். "உனக்கா? உனக்குக் கொடுக்கிறது வேற மாத்திரையாச்சே."

"ஏன், உனக்கு மட்டுந்தான் போகணுமா? தார் மாதிரி போச்சு. நாத்தம் தாங்கல."

"நாக்கை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுய்யா சொல்றேன்!"

நீட்டினார். கறுப்பின் சாயல்கூட இல்லை. இருந்த ரோஜாவும் வெளுத்துப் போயிருந்தது. தையல்காரர் கட்டிலை விட்டுக் குதித்து, வார்டே அதிரக் கத்தினார்: "சிஸ்டர்! சிஸ்டர்! அந்த மாத்திரை இல்லாமலே இவருக்குக் கறுப்பாப் போயிருக்கு! ரத்தம் போகுது!"

அவள் ஓடி வந்தாள். நாடி பிடித்தாள். சட்டைப் பையிலிருந்த அட்டை கையில் சிக்கியதும் அவள் முகம் போன போக்கை டிரைவர் பார்த்தார். பிறகு தள்ளுவண்டியில் படுத்துப் போகும்போது தலைக்கு மேல் கூரை விளக்குகள்தான் ஓடின. வாய் வழியாகக் குழாய் விட்டுப் புண்ணில் ரத்தக் கசிவை அடைத்தார்கள். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். மூட்டு வலி மாத்திரைதான் புண்ணைக் கிளறிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பேச்சே இல்லை என்றார் டாக்டர்.

வார்டுக்குத் திரும்பிய அன்று நர்ஸ் முக்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டாள். உட்கார்ந்தாள். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க."

"மூட்டு வலி மாத்திரையைத் தொடக் கூடாது. வலிச்சா உங்கிட்டச் சொல்லணும். புண்ணு மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, முழுசா முழுங்கணும். கறுப்பாப் போனா அந்த நிமிஷமே கூப்பிடணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அடுத்த கட்டில்காரனுக்குச் சொன்னது எனக்குப் பொருந்தாது."

"அருமை!" என்றாள் அவள்.

இருபத்திரண்டு நிமிஷம். தையல்காரரைவிட இரண்டு கூடுதல். டிரைவர் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருக்கும்போதே அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஐயா, நீங்க மட்டும் அன்னைக்கு நாக்கை நீட்டச் சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும்! உங்களை மாதிரி ஆள் கட்டிலுக்கு ஒருத்தர் வேணும்."

தையல்காரர் வெட்கப்பட்டுப் போர்வையின் ஓரத்தை மடித்தார். டிரைவருக்குப் பொறுக்கவில்லை. ரத்தம் ஏற்றிய கையைத் தூக்கிக் கட்டில் கம்பியைத் தட்டினார்.

"ஏம்மா, சொன்னது அவரு. நீட்டினது யாரு?"