ஆணி மைதானத்து மோதிரம்

தனபாக்கியத்துக்குத் தன் மகளைப் பற்றிப் பேச ஒரு சாக்கு கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் அவளே ஒன்றை உண்டாக்கிக்கொள்வாள். மேல்விஷாரத்தில் குர்ஷித் பாயின் தோல் பதனிடும் டேனரியில் மதியச் சோற்றுக்கு உட்காரும் பெண்கள் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று வாயெடுத்தால்கூட, "எங்க ஸ்வேதா போற எடமெல்லாம் ஏசிதான்" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஸ்வேதா டிப்ளமா படித்தவள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ ஃபேக்டரிகளில், தைக்கும்போது ஒடிந்த ஊசிமுனை தோலுக்குள் தங்கிவிட்டதா என்று பார்க்கும் மிஷின்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பழுது பார்ப்பது அவள் வேலை. அது போதாதென்று, கையில் பிடித்தபடி தரையைத் தடவிப் பார்க்கிற மெட்டல் டிடெக்டர் ஒன்றையும் சொந்தமாக வாங்கி வைத்திருந்தாள். ஒடுகத்தூரில் வேர்க்கடலை பிடுங்கும்போது விழுந்த கம்மல், திமிரியில் மண் மூடிப்போன பைப் வால்வு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கூப்பிடுவார்கள். அவள் எடுத்துக் கொடுத்த அரைப்பவுன் கம்மல் மறுநாள் அம்மா வாயில் இரண்டு பவுனாகிவிடும்.

"உன் பொண்ணுகிட்ட சொல்லி எங்க வூட்டுக்காரு எங்க சுத்துறார்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்பாள் கூட வேலை செய்யும் ஜெயம்மாள்.

"அந்த மிஷினு தங்கத்தத்தான் காட்டும். உன் வூட்டுக்காரனக் காட்டுமா?" என்று தனபாக்கியம் கேட்க, சோற்றுப் பருக்கை தெறிக்க எல்லோரும் சிரிப்பார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. பாயின் மகள் சஹருக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். டேனரிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பந்தல் போட்டு, மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசும் ஹல்தி நடத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் விரலிலிருந்து கழற்றி சஹருக்குப் போட்ட மோதிரம், மஞ்சளும் எண்ணெயும் பூசிய விரலிலிருந்து எப்போது வழுக்கியது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. தூறலில் தரை நசநசத்துக் கிடக்க, வந்த கூட்டமெல்லாம் மிதித்துவிட்டுப் போயிருந்தது. மறுநாள் காலை பந்தலைப் பிரித்ததும் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கியவள் தனபாக்கியம். அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வேறு மோதிரம் வாங்கிப் போட்டுச் சமாளிக்கிற சமாச்சாரமும் இல்லை.

வீடு முழுக்கத் தேடியாயிற்று. மைதானத்தை எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தாயிற்று. கடைசியில் சூப்பர்வைசர் வீரபாகு தொண்டையைச் செருமினான்.

"பெருக்கினவங்கள ஒரு வார்த்த கேட்டுடலாம் பாய்."

அவன் எப்போதுமே அப்படித்தான், தேள் மாதிரி. அவன் சொன்னதைத் தனபாக்கியம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாய் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். பாய் தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் வீட்டுச் சாவிக்கொத்தையே கையில் வாங்கியவள் அவள்.

அழுதிருக்கலாம். அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையை எல்லோர் முன்னாலும் உதறிக் காட்டினாள்.

"என் பொண்ணு வருவா. மண்ணுக்குள்ள இருந்தா எடுப்பா. அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றவள், பாயின் பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபோனை எடுத்தாள்.

ஸ்வேதா லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. டேனரியே மைதானத்து ஓரம் கூடி நின்றது. அவள் பையில், டிடெக்டரின் அடியில் மாட்டும் வட்டத் தட்டுகளான காயில்கள் இரண்டு இருந்தன. ஒன்று தாம்பாளம் மாதிரிப் பெரியது. இன்னொன்று உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

"பெருசப் போடுடி" என்றாள் தனபாக்கியம். ஊரெல்லாம் அந்தப் பெரிய தட்டைப் பற்றித்தானே அளந்து வைத்திருக்கிறாள்!

ஸ்வேதா தயங்கினாள். "இரும்பு கிரும்பு கெடக்கற எடமா பாய் இது?"

"அந்தக் காலத்துல இங்கதான் தோல பலகைல விரிச்சு, சுத்தி ஆணியடிச்சுக் காய வைப்பாங்க. மிஷின் வந்ததும் அதெல்லாம் போச்சு" என்றார் பாய். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஆனா எங்க அத்தா தெனம் சாயங்காலம் பெரிய காந்தத்தக் கயித்துல கட்டி மைதானம் பூரா இழுக்க வைப்பார். ஒரு ஆணி இருக்காதும்மா. தைரியமாப் பாரு."

பொழுது போய்க்கொண்டிருந்தது. பெரிய தட்டென்றால் ஒரு வீச்சில் நிறைய இடம் அடங்கும். ஸ்வேதா அதையே மாட்டினாள்.

இரும்பு என்றால் அந்த மிஷின் கொர்ரென்று உறுமும். தங்கம் என்றால் தெளிவாகக் கூவும். அன்று அது உறுமலைத் தவிர வேறெதையும் அறியவில்லை. எங்கே வைத்தாலும் உறுமியது. ஸ்வேதா இரும்புச் சத்தம் மட்டும் கேட்காதபடி மிஷினில் அடக்கி வைத்துவிட்டு, மைதானத்தை ஒரு மூலை விடாமல் நடந்து முடித்தாள். ஒரு கூவல்கூட இல்லை.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இங்க இல்ல பாய்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மோதிரம் மண்ணில் இல்லையென்றால் வேறெங்கே இருக்க முடியும்?

"அப்ப யாரோ எடுத்திருக்கணும்" என்றான் வீரபாகு, வெகு நிதானமாக.

எல்லாக் கண்களும் தனபாக்கியத்தின் மேல் விழுந்தன. ஜெயம்மாள் அவள் தோளைத் தொடப் போனாள். தனபாக்கியம் தட்டிவிட்டாள். மகளை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

"அப்ப இல்ல." தனபாக்கியம் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "என் பொண்ணு இல்லன்னா இல்லதான். அவ வேலயில தப்பு சொல்ல மாட்டா. என்கிட்ட இன்னா கேக்கணுமோ இப்ப கேளுங்க."

தன்னைக் கள்ளியாக்குகிற சொல்லுக்கு அவளே சாட்சி நின்றாள். மகள் மேல் வைத்த பெருமை அப்படி! அதை ஸ்வேதாவால் தாங்க முடியவில்லை. டிடெக்டரைப் போட்டுவிட்டு அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்து, தரையை இரண்டு கையாலும் பறண்டினாள். ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் உதிர்த்தாள். துருப்பிடித்த குட்டி ஆணிகள் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் இன்னொரு பிடி. அதிலும் ஆணி.

காந்தம் மேலே கிடந்ததைத்தான் பொறுக்கியது. தோல் வேலை செய்தவர்கள் காலால் மிதித்து உள்ளே இறக்கியதெல்லாம் தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்டது. அது பாய்க்கும் தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

ஸ்வேதா எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நான் சொன்னது தப்பு" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "பெரிய காயிலுக்குக் கீழ ஒரே நேரத்துல ஏழெட்டு ஆணி வருது. மோதிரம் நடுவுல இருந்தாலும் ஆணிங்க சத்தத்துல அது குரலு அமுங்கிப் போவுது. நேத்து விழுந்த பொருளு மேலாகத்தான் கெடக்கும், அதுக்கு இவ்ளோ ஆழம் பாக்கற தட்டே வேணாம். ஃபேக்டரில வாய் அகலமான மிஷினு சின்ன ஊசிய விட்டுடும்னு நானே தெனம் சொல்லிக்கினு இருக்கேன். இங்க வந்து மறந்துட்டேன். அம்மா, நான் சரியாப் பாக்கல. மறுபடி பாக்கறேன்."

சின்னத் தட்டை மாட்டி, அடக்கி வைத்த இரும்புச் சத்தத்தையும் திறந்துவிட்டாள். வீரபாகு "பொம்மை மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

இந்த முறை நடையில்லை, தவழல்தான். ஜெயம்மாள் கயிறு பிடித்துக் கோடு போட்டுக் கொடுக்க, ஸ்வேதா முட்டி போட்டபடி விரல் விரலாக நகர்ந்தாள். இப்போது மிஷின் ஒரே உறுமலாக உறுமவில்லை. இங்கே ஓர் ஆணி, இடைவெளி, அங்கே ஓர் ஆணி என்று தனித்தனியாகப் பேசியது. தனபாக்கியம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

சஹர் உட்கார்ந்திருந்த மணை இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு உறுமலுக்கு நடுவில் குயில் குஞ்சு மாதிரி ஒரு சின்னக் கூவல் கேட்டது. ஸ்வேதா தட்டைத் திருப்பிப் பிடித்து மறுபடி வைத்தாள். மறுபடி கூவியது. விரலால் மண்ணை விலக்கினாள். ஆணியோடு ஆணியாய் ஒட்டிக்கொண்டு, பதித்த கல்லின் இடுக்கில் மஞ்சள் அப்பியபடி மோதிரம் வெளியே வந்தது.

கூட்டம் ஹோவென்று கத்தியது. சஹர் வெட்கத்தை மறந்து ஓடி வந்தாள். வீரபாகுவுக்குத் திடீரென்று உள்ளே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. ஜெயம்மாள் தனபாக்கியத்தைக் கட்டிக்கொண்டு அழ, தனபாக்கியம் மட்டும் அழாமல் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்மலையும் வால்வையும் கண்டுபிடித்தவளாக இல்லை அவள் இப்போது. இத்தனை பேருக்கு முன்னால் "நான் சொன்னது தப்பு" என்று நிமிர்ந்து சொன்ன பெண்ணாக நின்றாள். இதை எப்படி இரண்டு மடங்காக்கிச் சொல்வது என்று தனபாக்கியத்துக்குத் தெரியவில்லை.

பாய் ஸ்வேதாவிடமிருந்து மோதிரத்தை வாங்கித் தன் கைக்குட்டையால் துடைத்தார். தலை குனிந்தபடி தனபாக்கியத்திடம் வந்து நீட்டினார்.

"அப்ப நான் வாயத் தொறக்காம நின்னுட்டேன் தனபாக்கியம். மனசுல வெச்சுக்காத. உன் கையாலயே சஹருக்குப் போட்டு வுடு."

அவர் மனதாரத்தான் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தனபாக்கியத்துக்கு அது புரிந்தது. ஆனாலும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் பாய். கொழந்த நல்லா இருக்கட்டும். ஆனா இதுவரைக்கும் அந்த மோதிரத்து மேல என் கை படல. படாமலே இருக்கட்டும்."