மேள மைக்குக்கு ஒரு காவல்காரன்

...இந்த முறையும் அறுகிறதாம், எங்கே அறுகிறது, எப்போது அறுகிறது என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது, "அறுந்து அறுந்து வருது தம்பி" என்று அதே பல்லவி, மூன்று மணி நேரம் நின்றபடி பன்சோரிக் கதை பாடுகிற மல்சூன் அம்மாளுக்குத் தன் காதுக்குள் என்ன கோளாறு என்று ஒரு வாக்கியம் சொல்ல வராதா, சோல்மின் ஒலிப்பலகைமேல் நெற்றியை வைத்தான், உடனே எடுத்தான், நெற்றி பட்டு ஏதாவது நகர்ந்தால் அதையும் இவன்தான் தேட வேண்டும். எல்லாம் அந்த நிகழ்ச்சி இயக்குநரால் வந்த வினை, மேடையில் ஒலிபெருக்கி கேமராவில் படக்கூடாதாம், ஆகவே பாட்டும் மேளமும் கேட்கக் காதை அடைக்கிற கம்பியில்லாத கருவி, ஜோன்ஜு ஊரிலேயே பிடிவாதத்துக்குப் பேர்போன காதில். பேட்டரி மாற்றியாகிவிட்டது, அலைவரிசை மாற்றியாகிவிட்டது, வண்டி நிறுத்துமிடத்துக்காரர்களின் வாக்கி-டாக்கியைச் சந்தேகித்து அவர்களோடு சண்டையும் போட்டாகிவிட்டது, ஆன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றியதில் ஒரு காக்கைக்கு உட்கார இடம் கிடைத்ததுதான் மிச்சம். பிறகு ரிசீவர்... அதை அந்த அம்மாள் ஹான்போக் பாவாடைக்குள் எங்கோ புதைத்திருந்தார், அந்தப் பாவாடைக்குள் ஒரு குடும்பம் குளிர்காலத்தையே கழிக்கலாம், அலை எப்படி உள்ளே போகும், வெளியே எடுத்து முதுகு நாடாவில் தொங்கவிட்டான், அப்பாடா என்று திரும்பினால், "அறுகுதுப்பா!"

மாலை நேரலை. அதற்குள் சரியாகவில்லை என்றால்? "நான் மேடை ஏற மாட்டேன், வீட்டுக்குப் போயி முளைப்பயறு சூப்பக் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார், சொன்னால் செய்பவர், குளிருக்கு வீட்டுத் தரையைச் சூடாக்கும் கருவியை எத்தனை டிகிரியில் வைப்பது என்ற சண்டையில் புருஷனையே விட்டவர், அந்தப் புருஷன்தான் அதோ மேளத்தோடு உட்கார்ந்திருக்கும் கில்ஹோ ஐயா, பிரிந்தபின்னும் வேறு மேளக்காரர் அந்த அம்மாளுக்குச் சரிப்படவில்லை, ஒரே வேனில் வருகிறார்கள், பேச்சு மட்டும் டிரைவர் வழியாக, "டிரைவர் தம்பி, முன் சீட்ல இருக்கறவர ஜன்னல மூடச் சொல்லு", "டிரைவர், பின் சீட்ல இருக்கறவங்கள வாய மூடச் சொல்லு", டிரைவர் பாவம் இரண்டு பக்கமும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்துப் பட்டை போட்டிருக்கிறார். மல்சூன் அம்மாள் போய்விட்டால் நிகழ்ச்சி இல்லை, பழியோ காற்றின்மேலோ காக்கையின்மேலோ விழாது, சோல்மின் தலையில்தான் விழும், அப்புறம் எவன் கூப்பிடுவான் இவனை? அதே அலைவரிசையில் இன்னொரு ரிசீவரைத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டு பாடச் சொன்னான், குரல் ஆறுபோல் வருகிறது, மேளம் டும் என்று சுத்தமாக விழுகிறது, எங்கே அறுகிறது, இந்த அம்மாள் என்னை வைத்து விளையாடுகிறாரா...

"அம்மா, எனக்கு நல்லாத்தானே கேக்குது? உங்க பாட்டு அறுந்து போகவே இல்லயே?"

"என் பாட்டு அறுகுதுன்னு யாருப்பா சொன்னா? அந்தாளு அறுகுறாரு."

"எந்த ஆளும்மா?"

"பக்கத்துல மேளத்தக் கட்டிக்கிட்டு ஒண்ணு உக்காந்திருக்கே, அது! 'ஒல்சிகூ'ன்னு கூவணும், 'ஒல்'லுங்குது, 'சிகூ'வக் காணோம். பாதிப் பாராட்டுக்கு நான் பாடணுமா?"

"டிரைவர் எங்கய்யா?" என்றார் கில்ஹோ ஐயா, "நான் முழுசாத்தான் சொல்றேன்னு அவங்கட்டச் சொல்லணும்."

சோல்மினின் கை தானாகவே மேள மைக்கின் பித்தானுக்குப் போயிற்று, போன கை நின்றது, கேட்... ராக் கச்சேரிகளில் வேலை பார்த்த பழக்கம், எந்த மேளக்காரனின் மைக்கானாலும் முதல் வேலை நாய்ஸ் கேட் போடுவது, அடி விழும்போது மட்டும் மைக்கைத் திறந்து மற்ற நேரம் மூடிவைக்கும் காவல்காரன் அது, மேளக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள், திட்டுவார்கள், காய்ந்த கணவாய் மெல்வார்கள், அதையெல்லாம் எவன் கேட்பது... ஆனால் இங்கே அடிக்கும் அடிக்கும் நடுவில் மேளக்காரர் பாராட்டிக் கூவுகிற ஒல்சிகூவில்தானே பாடகி மூச்சை மீட்கிறார், இது இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், இதே ஊரில் பிறந்த கழுதை எனக்குத் தெரியாதா, காலையிலிருந்து வானத்தையும் பாவாடையையும் குடைந்தேனே, மேள மைக்கை ஒரு தடவை பார்த்தேனா? காவல்காரனை எடுத்தான். "ஒல்சிகூ!" என்று முழுசாக வந்து விழுந்தது, மல்சூன் அம்மாளின் குரல் மேட்டில் ஏறி நின்றது, அட, இதற்குத்தானா இத்தனை பாடு, போதும், மூடு கடையை என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான் இன்னொன்றும் கேட்டது, கூவல் இல்லை, இரண்டு அடிகளுக்கு நடுவே, உதடு அசையாமல், கில்ஹோ ஐயா மேளத்தோலுக்குச் சொல்வதுபோல, "முட்டி வலிக்குதா... இடது கால்ல நில்லு." மல்சூன் அம்மாள் பாட்டை விடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, உடம்பு மட்டும் இடப்பக்கம் சாய்ந்தது.

இது நேரலையில் போனால்? ஊரே கேட்குமே... பதறிப்போய் வெளி ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் மட்டும் காவல்காரனைத் திரும்ப நிறுத்தினான், மல்சூன் அம்மாளின் காதுக்குப் போகும் வழியைத் திறந்தே விட்டான், உரக்க வரும் ஒல்சிகூவை வெளிக்குத் தள்ளி வைத்த தனி மைக்கில் எடுத்துக்கொள்ளலாம், ஆயிற்று, எல்லாம் ஆயிற்று. "இப்பச் சரியா இருக்கு தம்பி, இனிமே ஒண்ணையும் தொடாதே" என்று மேடையிலிருந்து உத்தரவும் வந்துவிட்டது. தொடவில்லை. ஆனால் இன்னொரு ரிசீவர் தன் காதில் இருக்கிறதே, அதில் அடுத்த அடிக்கு முன்னால் மேளக்காரர் மூச்சிழுப்பது கேட்கிறதே, கழற்றிவிட்டால் மாலையில் எது அறுந்தாலும் தெரியாது, கழற்றாவிட்டால் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்... இன்றைக்கு அந்த டிரைவர் வேலை எனக்கா? கையைக் காதுவரை கொண்டுபோனான், அங்கேயே வைத்திருந்தான்.