சம்பூர் கிளை

கிழக்கு வெளுத்திருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை. சோபனா கதிரையின் மேல் ஏறி நின்று தன் வீட்டு முன்சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். பனி குடித்த சுவர். அடித்த ஆணி வளைந்தது. சீமெந்துப் பூச்சு பெயர்ந்து கண்ணில் விழுந்தது. வளைந்ததைப் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்தி, மறுபடியும் அடித்தாள்.

கீழே டிலுக்ஷன் தகரப் பெயர்ப்பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இருட்டோடு திருகோணமலையில் புறப்பட்டு, அந்தப் பலகையை முதுகில் கட்டியபடி சம்பூர்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தவன். பாலங்களில் வீசிய காற்று பலகையைப் பிடித்து இழுத்ததில் விழப் பார்த்துத் தப்பியிருக்கிறான். தோள்கள் இரண்டும் விறைத்துப்போயிருந்தன.

"கெதியா அக்கா, கை விட்டுப்போகுது."

பலகையை வாங்கிக் கொளுவும்போது தகரத்தின் விளிம்பு அவளுடைய உள்ளங்கையை ஆழமாகக் கீறிவிட்டது. இரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கணினிக்கு முன்னால் குளிர்காற்று வாங்கிக்கொண்டு செய்கிற சொகுசு வேலை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் சேரும்போது அப்படித்தான் நினைத்தாள்.

பலகையில் 'நீலக்கரை காணி விற்பனை நிலையம், சம்பூர் கிளை' என்று நீல எழுத்தில் இருந்தது.

டிலுக்ஷன் போனை எடுத்தான். "றோட்டில இருந்து துவங்குறன். பிறகு பலகை. பிறகு நீங்கள் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கவேணும். இடையில நிப்பாட்டினால் ஏற்கமாட்டாங்கள்."

விசயம் இதுதான். சம்பூரில் காணி வேண்டுமென்று ஒருவர் போனில் தேடினால், சம்பூரிலேயே அலுவலகம் உள்ள தரகர்தான் முதலில் தெரிவார். அலுவலகம் உண்மையில் இருக்கிறதா என்று தேடல் தளத்தை நடத்துகிறவர்கள் வீடியோ கேட்பார்கள். நீலக்கரைக்குச் சம்பூரில் அலுவலகமும் இல்லை, கட்டைபறிச்சானில் ஒரு கொட்டிலும் இல்லை. ஆனால் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு எல்லா ஊரிலும் வீடு இருந்தது. ஊர்ப்பெயரின் மேல் வேறு பெயர் ஒட்டிக்கொண்டு பலகை வீடு வீடாகப் போனது; கிளையும் அந்தந்தப் பிள்ளையின் ஈமெயிலில் பதிவானது. விடியலில் கொளுவி, படம் எடுத்து, அக்கம்பக்கம் எழும்புமுன் கழற்றிவிடுவார்கள்.

அன்றைக்குக் கழற்றுமுன் குசினியிலிருந்து அம்மா வெளியே வந்துவிட்டாள்.

"காணி விற்பனையோ? ஆரின்ர காணி?"

"சும்மா படத்துக்கு அம்மா. இப்ப கழட்டிப்போடுவம்."

"ஆமி பிடிச்சுவச்ச இந்த மண்ணுக்குத் திரும்பி வர எத்தின வருசம் அகதி முகாமில கூடாரத்துக்குள்ள கிடந்தனாங்கள் பிள்ளை? படத்துக்கெண்டாலும் விற்பனை எண்டு என்ர சுவரில எழுதாத."

"சம்பளம் வேணுமே அம்மா."

அம்மா குசினிக்குள் போய்விட்டாள். சோபனாவுக்கு வெட்கமாக இருந்தது. திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தாள். இரத்தம் கசிந்த கை வீடியோவில் தெளிவாக விழுந்தது.

அவர்களுடைய அலுவலகம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேல்மாடியில் இருந்தது. முதலாளி ஆனந்தராசா. வெளிநாட்டு வீட்டுத் தரகர்களின் இணையப் பக்கங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவந்து விடுவதுதான் தொழில். மெல்பேர்னில் எந்தத் தெருவுக்குப் பள்ளிக்கூடம் கிட்ட, எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்காது என்று, திருகோணமலையைத் தாண்டிக் கொழும்புக்கே ஒழுங்காகப் போயிராத மூதூர்ப் பிள்ளை அசனா எழுதுவாள். அதை வாசித்து அங்கே ஆட்கள் வீடு வாங்கினார்கள். அசனாவின் விரல் மூட்டுகள் வீங்கிப்போயிருந்தன. சோபனாவுக்குக் கண்ணில் நீர் வடிவது நிற்பதேயில்லை.

நீலக்கரை தொடங்குமுன்பு ஒருநாள் தேடலின் விதிகள் மாறின. முதல் பக்கத்தில் இருந்ததெல்லாம் ஒரே இரவில் அடிக்குப் போய்விட்டது. வாடிக்கையாளர்கள் கழன்றார்கள். ஆனந்தராசா எல்லோரையும் கூப்பிட்டு, "நாங்கள் ஒரு குடும்பம்" என்று தொடங்கினார். அந்தச் சொல் வந்தாலே ஏதோ வெட்டு வரப்போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இனிமேல் பாதிச் சம்பளம்தான் நிச்சயம். மற்றப் பாதி, இணையப் பக்கம் முன்னுக்கு வந்தால் மட்டும். மழை பெய்தது என்று கூலி வெட்டுகிற முதலாளிமாரை நமக்குத் தெரியும். கண்ணால் காணாத ஒன்று எங்கேயோ மாறியதற்காகக் கூலி வெட்டியவர் இவர்.

நட்டத்தை ஈடுகட்ட அவரும் அவருடைய மச்சானும் சேர்ந்து தொடங்கியதுதான் நீலக்கரை. சம்பூர் கிளை தேடலில் முதலாவதாக வந்த அன்று ஆனந்தராசா கேக் வெட்டினார். மற்றப் பாதிச் சம்பளம் அடுத்த மாதம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சோபனா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலிப் படலையடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கிய வயதானவரின் கையிலிருந்த போன், போகவேண்டிய இடம் வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"மனேச்சர் இருக்கிறாரோ பிள்ளை?"

"ஆர் ஐயா? இது வீடு."

அவர் போனைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். போனில் இருந்ததும் அதே வீடு. அதன் சுவரில் பலகை. "நீலக்கரையின்ர சம்பூர் கிளை இதுதானே? என்ர பேர் குணரத்தினம். துறைமுகத்தில கிரேன் ஓட்டி இளைப்பாறினனான். கிணற்றோட ஒரு துண்டு இருக்குதெண்டு போனில கதைச்சினம். முற்பணம் கட்டிப்போட்டன். இப்ப அந்த நம்பர் எடுக்கினமில்லை."

"எந்தக் கிணறு ஐயா?"

அவர் இன்னொரு படத்தைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணறு. அது பக்கத்து வீட்டு இராஜநாயகத்தாருடைய காணி. அந்தப் படத்துக்குக் கீழே 'அமைதியான சூழல், வில்லங்கம் அற்றது' என்று எழுதியவள் சோபனாதான். ஊர்ப் படங்கள் சில வேண்டுமென்றுதான் ஆனந்தராசா கேட்டிருந்தார். படத்தோடு நாலு நல்ல வார்த்தையும் எழுதச் சொன்னார். அவளும் எழுதிக் கொடுத்தாள். விற்கப்போகிறார்கள் என்று தெரியாது என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்?

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இராஜநாயகத்தாருக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "என்ர காணியோ? ஆமியிட்ட இருந்து மீட்ட காணியை நீ வித்துப்போட்டியோ பிள்ளை?"

"நான் விக்கேல்லை மாமா."

"அப்ப உன்ர வீட்டில ஏன் பலகை?"

அம்மா வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணரத்தினம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். கோபித்துக் கத்தியிருந்தால்கூடச் சோபனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வாடகை வீட்டிலயே காலம் போயிட்டுது பிள்ளை" என்றார், அவ்வளவுதான். பொலிஸில் சொல்லவேண்டி வரும், வேறு வழியில்லை என்றும் சொன்னார். அவரிடம் இருந்த விலாசம் ஒன்றே ஒன்று. அது அவளுடையது.

மறுநாள் அவள் நேரே ஆனந்தராசாவின் மேசைக்குப் போனாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"விலாசம் உங்கட. ஈமெயில் உங்கட. திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்த கையும் உங்கட. வீடியோவில என்ர கை ஒரு இடத்திலயும் இல்லையே, சோபனா."

"நீங்கள் செய்யச் சொன்னதைத்தானே சேர் செய்தனான்."

"எழுதித் தந்தனானோ?"

அவர் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பிள்ளையள், சம்பூரில ஒரு சின்னப் பிரச்சினை. ஆரும் வந்து கேட்டால், சோபனா எங்களுக்குத் தெரியாமல் தனியச் செய்த வேலை எண்டு சொல்லவேணும். பேரைக் கெடுத்தால் கொம்பனியை மூடவேண்டி வரும். பிறகு ஒருத்தருக்கும் வேலை இல்லை. விளங்குதுதானே?"

டிலுக்ஷனுக்குக் கைக்குழந்தை, மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் தவணை முடியவில்லை. அவன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறப்பான் என்று சோபனா எதிர்பார்க்கவேயில்லை.

"படம் எடுத்தவன் நான் சேர்" என்றான் டிலுக்ஷன், இன்னும் தரையைப் பார்த்தபடியே. "பலகையைச் சுமந்தவனும் நான்தான். அவ தனியச் செய்ததெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"உன்னைக் கேட்டனானோ?"

அசனா கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். "எங்கட வாப்பாட வீடு மூதூர்க் கிளை. நாளைக்கு அங்க ஒராள் வந்து நிண்டா, அசனா தனியச் செஞ்ச வேலை எண்டு சோபனா சொல்லணும். அதுக்குப் பிறகு டிலுக்ஷன்ட வீடு. அப்படித்தானே சேர்?"

ஆனந்தராசா சிரிக்கப் பார்த்தார். ஆனால் அறையிலிருந்த ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலைத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தார்கள். திரியாய்ப் பிள்ளை திரியாயை நினைத்தது. கட்டைபறிச்சான் பிள்ளைக்குத் தகப்பனின் முகம் வந்தது. இவ்வளவு நாளும் ஆளுக்கொரு கிளை என்று தனித்தனியாக இருந்த பயம், அந்த நேரத்தில்தான் ஒரே பயம் என்று தெரிந்தது.

சோபனாவுக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது.

"எல்லாம் எங்கட பேரில எண்டு சொன்னீங்கள் சேர். சரி. அப்ப மூடுறதும் எங்கட கையிலதானே?"

அவள் தன் கணினிக்குப் போனாள்.

"பொறு" என்றாள் அசனா. "முதல்ல எல்லாத்தையும் படம் பிடிச்சு வைப்பம். அந்த ஐயாவுக்குத் தேவைப்படும்."

படம் பிடித்தார்கள். பிறகு சோபனா அழுத்தினாள். சம்பூர் கிளை: நிரந்தரமாக மூடப்பட்டது. அடுத்தது மூதூர். டிலுக்ஷன் தன் பாலையூற்று வீட்டை மூடினான். கட்டைபறிச்சான் போனது. திரியாய் போனது. கொட்டியாரக் குடாவைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகளாய் நின்ற கிளைகளெல்லாம் வரைபடத்திலிருந்து ஒவ்வொன்றாக அவிந்தன. தங்கள் பாதிச் சம்பளத்தைத் தாங்களே அவித்துக்கொள்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஆனந்தராசாவின் குரல் இறங்கிவிட்டது. "பிள்ளையள், அவசரப்படாதேங்கோ. இருந்து கதைப்பம். நாங்கள் ஒரு குடும்பம்."

"குடும்பமெண்டால் உங்கட வீட்டிலயும் ஒரு கிளை வைப்பம் சேர்" என்றாள் சோபனா.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரை உறுத்தியது. "வெளிய போங்கோ எல்லாரும்! போன மாதச் சம்பளத்தையும் மறவுங்கோ. கொம்பனிக்கு நட்டம் செய்ததெண்டு நானே பொலிஸுக்குப் போறன்."

எல்லோரும் ஒன்றாகவே படியிறங்கினார்கள். கீழே தெருவோரத்தில், நகரத்துக்குள் திரியும் மான்கள் குப்பைக் காகிதத்தை மென்றுகொண்டு நின்றன. வேலை போன பயம் அப்போதுதான் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு பிள்ளை அழுதாள். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று கேட்டாள். அசனா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோபனா குணரத்தினத்துக்குப் போன் எடுத்தாள்.

"ஐயா, முழுசாச் சொல்லுறன். கேட்டுப்போட்டு ஏசுங்கோ."

அவர் ஏசவில்லை. "அந்தாளின்ர வீடு எங்க பிள்ளை?" என்று கேட்டார்.

திருகோணமலை உவர்மலையில் விடியல். ஆனந்தராசாவின் வீட்டு இரும்புக் கேற் பூட்டியிருந்தது. டிலுக்ஷன் தன்னிடமே கிடந்த பலகையை முதுகிலிருந்து இறக்கினான். 'சம்பூர் கிளை' என்றிருந்ததன் மேல் அசனா கடதாசி ஒட்டி, 'தலைமைக் கிளை' என்று எழுதியிருந்தாள். இரும்பில் ஆணி இறங்காது. குணரத்தினம் கயிறு கேட்டார். காலமெல்லாம் கப்பல் சாமான் தூக்கிய கை. அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க ஆனந்தராசாவுக்கு அரைநாள் பிடிக்கும்.

சந்தியில் ஒரு வான் வந்து நின்றது. இராஜநாயகத்தார் இறங்கினார், அவருக்குப் பின்னால் சம்பூர்ச் சனம் கொஞ்சம், கடைசியில் அம்மா. அம்மா பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது தொங்கவேண்டிய இடம் இதுதான்" என்றாள்.

சோபனா உள்ளதையெல்லாம் சொல்லியிருந்தும் இராஜநாயகத்தாருக்கு இன்னும் முழுதாக மனம் ஆறவில்லை. ஆனாலும் சோபனாவுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றார்.

ஆனந்தராசாவிடம் கேட்கப்போவது பெரிய விசயம் ஒன்றுமில்லை. கிளைகள் தன் ஏற்பாடு என்று அவர் எழுதித் தரவேண்டும். குணரத்தினத்தின் முற்பணமும் வேலை செய்தவர்களின் கூலியும் வரவேண்டும். தருவாரோ இல்லையோ தெரியாது. பொலிஸ் யாருடைய கதையைக் கேட்கும் என்பதும் தெரியாது.

டிலுக்ஷன் போனைத் தூக்கினான். "றோட்டில இருந்து துவங்குறன்." தெரு வந்தது. பலகை வந்தது. முன்னால் நின்ற ஒவ்வொருவரும் தன் பெயரையும் ஊரையும் சொன்னார்கள். அங்கே வீடுதான் இருக்கிறது, கிளை இல்லை என்றார்கள். கடைசியாகச் சோபனா.

"இனிக் கதவைத் திறக்கவேணும் அக்கா" என்றான் டிலுக்ஷன், வழக்கம்போல.

"திறப்பு எங்களிட்ட இல்லை" என்றாள் அவள். "திறக்கும்வரைக்கும் எடு."

கீறலின் வடு இன்னும் மாறாத கையால் கேற்றை ஓங்கித் தட்டினாள். உள்ளே ஒரு லைற் எரிந்தது. அசனா தட்டினாள். குணரத்தினம் தட்டினார். பிறகு யார் யார் தட்டுகிறார்கள் என்று தெரியாதபடி எல்லோருமே தட்டினார்கள். இரும்பு அதிர்ந்த சத்தத்துக்கு உவர்மலையில் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. ஆனந்தராசாவின் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை. டிலுக்ஷன் போனை இறக்காமல் பிடித்திருந்தான்; கை வலித்தபோது அம்மா வந்து அவனுடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.