அக்கைமேல் பட்ட கால்

முகில் இறங்கி மலைமுடிகளை மூடிக்கொள்ள, களனியாறு செம்மண் கரைத்துக் கீழே விரைந்தோட, கரவனெல்லைக்கு மேலே அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் இறப்பர்த் தோட்டமெங்கும் இலைநுனிதோறும் நீர் சொட்டிக்கொண்டிருந்த காலைப்பொழுது அது. பட்டை நனைந்த மரத்தில் கத்தி வைத்தலாகாது. வைத்தால் பால் சிரட்டையில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். ஆதலின் மழை நாளில் பால் வெட்டுவோர்க்கு வேலையில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகளில் அடுப்புப் புகை எழ, எல்லோரும் கதவடைத்து முடங்கியிருக்க, படிப்போரே, பால் நிறுக்கும் கொட்டகையில் மட்டும் இரு பெண்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தனர்.

அஞ்சற்க; அவர்கள் பகைவரல்லர், மருதாயி பெற்ற மக்கள். மூத்தவள் சுலோஜினி, பதினாறு அகவை முதல் நாளொன்றுக்கு இருநூற்றைம்பது மரத்தில் பால் வெட்டி முறுகிய தோளினள். அவளுக்குக் கையே படை. இளையவள் லக்ஷிகா, இரண்டாண்டு பின்பிறந்தவள், கடைத்தெருவில் துணிக்கடையொன்றில் பணிபுரிந்து, காலை மாலை மலையேறி இறங்கி நெடுங்கால் உரம் பெற்றவள். அவளுக்குக் காலே படை. ஊர்க்கூடத்தில் ஞாயிறுதோறும் கராத்தே பயின்ற இருவரும், குத்து மேலா உதை மேலா என்று உண்ணும்போதும் வழக்காடுவர். குத்து ஒன்றுக்கு ஒரு புள்ளி, தலையில் படும் உதைக்கு மூன்று என்று இளையவள் கணக்குச் சொல்வாள். நீ காலைத் தூக்கி முடிப்பதற்குள் நான் மூன்று குத்துவேன் என்று மூத்தவள் சிரிப்பாள். என்னைக் கேட்டால், இருவரும் சொன்னது மெய்யே.

ஆயினும் இளையவளிடம் ஒரு குறையிருந்தது. குறையென்பதற்கு என் நா கூசுகிறது. பிறர்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும் என்று தாய் பழக்கிய பழக்கம், அவளை விட்டு நீங்கவேயில்லை. உதைத்த மறுநொடியே கை தாழும், தலை குனியும், விரல் எதிரியைத் தொட்டுக் கண்ணுக்குச் செல்லும். எதிர்நின்ற சிங்களப் பெண்கள் அதனை ஆட்ட மரபென்று எண்ணித் தாமும் குனிந்து வணங்கினர். நடுவர் ஆட்டத்தை நிறுத்திய பின்னரே அது நிகழ்ந்தமையால் தீங்கொன்றும் விளையவில்லை. அக்கையை ‘நீ’ என்றே அழைப்பவள், கால் பட்டால் மட்டும் கோயில் படியில் நிற்பவள்போல் ஆகிவிடுவாள்.

அந்த மழைநாளுக்குப் பின் ஏழாம் நாள் கேகாலையில் மாகாண அணிக்குத் தேர்வு நிகழ்ந்தது. அவர்தம் எடைப்பிரிவில் இடம் ஒன்றே. அதனைப் பெறுபவளுக்குத் தலைநகரில் உணவும் உறையுளும் பயிற்சியும், அதனோடு ஒரு வேலையும் உண்டு; தோட்டத்தைவிட்டு வெளியேற அவ்விருவர்க்கும் வேறு வழி தெரிந்திலது. எதிர்த்தோரையெல்லாம் வென்று வந்த இருவரும், யார்க்கும் இரங்கக்கூடாதென்று தம்முள் உறுதிசெய்துகொண்டு, இறுதிச் சுற்றில் எதிரெதிரே நின்றனர்.

நான்குக்கு நான்கு, எட்டு நொடியே எஞ்சியிருந்தது. லக்ஷிகாவின் கால் உயர்ந்தது. சுலோஜினி தலையைச் சாய்க்க, அது தோளில் பட்டு வழுகியது. தோளில் பட்டதற்குப் புள்ளியில்லை; நடுவர் ஆட்டத்தை நிறுத்தவுமில்லை. ஆனால் அக்கைமேல் கால் பட்டுவிட்டது. இளையவள் கை தாழ்ந்தது, தலை குனிந்தது. அவ்விரல் தோளைத் தொடுமுன், காவலற்றுக் கிடந்த விலாவில் மூத்தவளின் குத்து இறங்கியது. ஒரு புள்ளி. மணி ஒலித்தது.

அவையோர் கைதட்டினர். வென்றவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடந்ததைக் கேட்டறிந்த மருதாயி, யாரைத் தேற்றுவதென்று அறியாமல் இருவர்க்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டினாள்.

சுலோஜினி தலைநகர் செல்லவேண்டிய நாளுக்கு முன்னாளும் மழையே. கொட்டகைக்கு அவளை அழைத்துச் சென்றவள் லக்ஷிகா.

“ஒம்மேல கோவம் இல்லக்கா. குனிஞ்சது நான்தானே.”

“கண்ணு பாத்துச்சுடி, நீ குனியிறத. கை நிக்கல.”

“அடுத்த வருசம் நானும் வரணும். நாளைக்கு நீ போயிருவ. இப்ப கொஞ்சம் நில்லு. ஒன்ன ஒதச்சுட்டுக் குனியாம நின்னுட்டேன்னா, அப்பறம் யாருக்கிட்டயும் குனிய மாட்டேன்.”

சுலோஜினி நின்றாள். முதல் உதைக்குத் தங்கை குனிந்தாள், பத்தாவதற்கும் குனிந்தாள். முப்பதைக் கடந்தபின் தலை தாழாது கை மட்டும் நீண்டது. அதனைத் தடுக்க அவள் தன் பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எத்தனையாவதென்று இருவரும் எண்ணிக்கை மறந்த ஒரு வேளையில், அவள் கால் அக்கையின் கன்னத்தைத் தீண்டி மீண்டது. மீண்டு நிலத்தில் ஊன்றியது. இரு கைகளும் காவலாய் உயர்ந்திருக்க, விழி இமைக்காமல், எதிரியைப் பார்ப்பதுபோல் அக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி. இனி யாரும் ஒன்னய ஜெயிக்க ஏலாது” என்றாள் சுலோஜினி. தங்கை வேண்டிப் பெற்றது அதுவேதான். அதற்காகவே அக்கையும் அவ்வளவு உதையைப் பொறுத்து நின்றாள். எனினும், அறிவுடையீர், அந்த இறுதி உதைக்குப் பின்னும் தங்கையின் விரல் தன்னைத் தொட வருமென்று ஒரு நொடி காத்திருந்தாள். அது வராதபோதுதான், கேகாலையில் தன் குத்து விலாவையும் கடந்து எங்கே பட்டதென்று அவளுக்கு முழுவதும் விளங்கியது.