குளிர் அறையில் பன்னிரண்டு பேர்

இச்சன் ஊர்க் கிடங்கின் கூரையில் பதித்த நாற்பத்தொரு வைஃபை பெட்டிகளும் மி-ரனின் பொறுப்பு. எந்தப் பெட்டி படுத்துவிட்டது, எந்தத் தொழிலாளியின் ஸ்கேனர் எந்தப் பெட்டியோடு இணைந்திருக்கிறது, எல்லாம் அவள் திரையில் தெரியும். சரக்கு நிற்காமல் ஓட உதவும் நல்ல வேலை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். புதன் காலை மேனேஜர் க்வாக் வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நேத்து சாப்பாட்டு நேரத்துல குளிர் அறை வைஃபை பெட்டியில எந்தெந்த ஸ்கேனர் இருந்துச்சு?”

“எதுக்கு சார்?”

“சங்கம் கட்டறாங்களாம். பேரு மட்டும் போதும். மாசக் கடைசியில ஒப்பந்தம் புதுப்பிக்கணும் பாருங்க.”

கூட்டம் போட்டவர்கள் ஒன்றும் அசடுகள் இல்லை. கைப்பேசிகளை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் ஆள் நடமாட்டமில்லாத குளிர் அறைக்குப் போயிருந்தார்கள். ஆனால் இடுப்பில் மாட்டிய ஸ்கேனரைக் கழற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு சரக்குப் பெட்டியையும் அதைக் காட்டித்தான் எடுக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தொங்கினால் அது உடம்போடு சேர்ந்துவிடுகிறது, பாவம்.

க்வாக் போனதும் மி-ரன் திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு பேர். ஏழாவது பெயர் பொங்-சுக். மி-ரனுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு மாதம், பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். கூடப்பிறந்தவள்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

தர முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மி-ரனும் ஒப்பந்தத்தில் இருப்பவள்தான். ஏழாவது வரியை அழித்துவிட்டு மற்றதை அனுப்பினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று மூச்சு விட்டாள். அது பதினொரு பேருடைய தலை என்று யோசிக்க அவளுக்குத் தைரியமில்லை.

மாதக் கடைசியில் பதினொரு பேருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. திங்கள் மத்தியானம் பொங்-சுக் சாப்பிடாமலேயே மி-ரனின் அறைக்கு வந்தாள்.

“பன்னண்டு பேரு நின்னோம் மி-ரன். பதினோரு பேரை அனுப்பிட்டாங்க. நான் மட்டும் மிச்சம். போட்டுக்குடுத்தது நான்தான்னு எல்லாரும் நெனைக்க இதுக்கு மேல ஜோசியமா பாக்கணும்?”

“யாருக்கா அப்படிச் சொன்னது?”

“வாயத் திறந்து யாரு சொல்றா? சாப்பாட்டு மேசையில நான் உக்காந்தா எல்லாரும் தட்டைத் தூக்கிக்கிட்டு எழுந்துடறாங்க. வேலை போன ஹ்யாங்-ஜா கிளம்பறப்ப கையப் பிடிச்சேன். உதறிட்டுப் போயிட்டா.”

மி-ரனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “நான்தான் அக்கா பட்டியல் குடுத்தேன். உங்க பேரை மட்டும் எடுத்துட்டேன்.”

பொங்-சுக் மேசையருகே நெருங்கி வந்தாள்.

“ஹ்யாங்-ஜா பேரைக் குடுத்துட்டியா?”

மி-ரன் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னக் கேட்டிருந்தா, ஒண்ணு யாரு பேரையும் குடுக்காதே, இல்லன்னா என் பேரையும் சேத்துக் குடுன்னு சொல்லியிருப்பேனேடீ.”

பொங்-சுக் தன் ஸ்கேனரைக் கழற்றி மி-ரனின் மேசையில் வைத்தாள். எதிரே இருந்த க்வாக்கின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

“பட்டியல்ல ஒரு பேரு விட்டுப்போச்சு சார். அன்னிக்கு நானும் இருந்தேன்.”

“அதெப்படி விட்டுப்போகும்?” க்வாக்கின் குரல் கூர்மையானது. மி-ரன் தன் இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் ஸ்கேனர் அன்னிக்குக் கெட்டுக் கெடந்துச்சு சார். அதான் தெரியல போல.”

எழுந்து போய் உண்மையைச் சொல்லலாம். பத்தே அடி தூரம். மி-ரனின் கால் நகரவில்லை. பொங்-சுக் வெளியே வந்து, அவளைத் திரும்பியும் பார்க்காமல் லாக்கர் பக்கம் நடந்தாள்.

க்வாக் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். “அன்னிக்கு அந்தம்மா ஸ்கேனர் கெட்டுப்போச்சாமே?”

மேசையில் ஸ்கேனரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மி-ரன் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“ஆமா சார்,” என்றாள்.